இரண்டு தாலுகா நகர்ந்திருந்தால்...

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் ஒன்றை ஆசிரியர் குழு எனக்கு அனுப்பியிருந்தது. எழுதியவர் ஒரு கடைமடை விவசாயி. கடிதத்தின் சுருக்கம் இது: 'எங்கள் ஊருக்கு வரும் வாய்க்காலின் மதகு பக்கத்து ஊராட்சியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் எல்லைக்கல்லை ஒரு பர்லாங் தள்ளி நட்டிருந்தால் மதகு எங்களுடையதாகியிருக்கும். இனி எல்லையை மாற்ற வழி உண்டா?'

மதகு எந்த ஊராட்சியில் இருந்தாலும் பாசன உரிமை மாறாது. ஆயக்கட்டுப் பதிவேட்டில் உங்கள் சர்வே எண் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. இரண்டு வரியில் இப்படிப் பதில் எழுதி முடித்துவிட்டேன். ஆனால், 'ஒரு பர்லாங் தள்ளி நட்டிருந்தால்' என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. அதே சொல்லை நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறேன். பஞ்சாபில், சட்லஜ் ஆற்றங்கரையில் கேட்டேன். அங்கே பேச்சு ஊராட்சி எல்லையைப் பற்றியது அல்ல, நாட்டின் எல்லையைப் பற்றியது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம், லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்காகப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மற்றவர்கள் அமிர்தசரஸுக்குக் கிளம்பினார்கள். நானும் ஹரியானாவைச் சேர்ந்த ஓர் அதிகாரியும் மட்டும் ஒரு காரைப் பிடித்து, மோகா வழியாக ஃபிரோஸ்பூர் பக்கம் போனோம். எனக்குத் தெரிந்த இந்தி கடையில் பேரம் பேசக்கூடப் போதாது. அவர்தான் எனக்கு வாய்.

வழி முழுக்கக் கோதுமை. கதிர் முற்றி, பச்சை மெல்ல மஞ்சளுக்கு மாறும் பருவம். வரப்போரம் தைல மரமும் பாப்ளர் மரமும் வரிசையாக நிற்கின்றன. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மேடு கிடையாது. நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் பொறாமை வரும். கொஞ்ச நேரம் போனால் அலுப்பு வரும். இங்கே ஏக்கரைக் 'கில்லா' என்கிறார்கள். எட்டு கனால் ஒரு கில்லா. அதாவது ஒரு கனால் நம் கணக்கில் பன்னிரண்டரை சென்ட்.

நேராக ஃபிரோஸ்பூர் போகாமல் ஜீரா, மக்கூ வழியாக முதலில் ஹரிகேவுக்குப் போனோம். பியாஸ் ஆறும் சட்லஜ் ஆறும் கூடும் இடம். பியாஸ் தெளிந்து வருகிறது. சட்லஜோ லூதியானாவின் சாயக் கழிவையும் சாக்கடையையும் சுமந்துகொண்டு கறுத்து வருகிறது. திருப்பூர், ஈரோடு பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டும் சேர்ந்த இடத்தில் கதவணை. அதிலிருந்து இரண்டு பெரிய கால்வாய்கள் ஒரே கரையைப் பங்கு போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்று ஃபிரோஸ்பூருக்கு. மற்றொன்று ராஜஸ்தான் பாலைவனத்துக்கு. அதன் தொடர்ச்சிதான் இந்திரா காந்தி கால்வாய்.

நான் நின்றுகொண்டிருந்த அந்தத் தென்கரை, 1947 ஆகஸ்ட் 8-ம் தேதி நிலவரப்படி, பாகிஸ்தானுக்குப் போவதாக இருந்தது.

ஐந்து வாரத்தில் ஒரு கோடு

பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்க எல்லைக்கோடு போடும் வேலைக்கு பிரிட்டிஷ் வழக்கறிஞர் சிரில் ராட்கிளிஃப் 1947 ஜூலை 8-ம் தேதி டெல்லி வந்து சேர்ந்தார். அதற்கு முன் அவர் இந்தியாவில் கால் வைத்ததில்லை. கைக்குக் கிடைத்தது ஐந்து வாரம். ஒவ்வொரு மாகாணத்துக்கும் நான்கு நீதிபதிகள் உதவிக்கு இருந்தார்கள். அவர்கள் இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்து நின்றதால் முடிவு இவர் ஒருவர் தலையில் விழுந்தது. எந்த மதத்தினர் எங்கே பெரும்பான்மை என்று பார்த்து, அடுத்தடுத்த பகுதிகளைச் சேர்த்துப் பிரிக்க வேண்டும். 'மற்ற காரணங்களையும்' கவனிக்கலாம். இவ்வளவுதான் அவருக்குக் கொடுத்த விதி.

ஆகஸ்ட் 8-ம் தேதி வைஸ்ராய் அலுவலகத்திலிருந்து லாகூரில் இருந்த பஞ்சாப் கவர்னருக்கு ஒரு உத்தேச வரைபடம் போயிற்று. போலீஸ் பாதுகாப்பை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளத்தான். அதில் ஃபிரோஸ்பூர், ஜீரா என்ற இரண்டு தாலுகாக்களும் சட்லஜைத் தாண்டி மூக்கு நீட்டியதுபோல பாகிஸ்தான் பக்கம் இருந்தன. இரண்டிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மை. இரண்டு மூன்று நாளில் இன்னொரு செய்தி வந்தது: அந்த மூக்கை அழித்துவிடவும். ஆகஸ்ட் 17-ல், சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து, தீர்ப்பு வெளியானபோது இரண்டு தாலுகாவும் இந்தியாவில் இருந்தன.

ஏன் மாறியது? ஃபிரோஸ்பூரில் பெரிய ஆயுதக் கிடங்கு இருந்தது, அது ஒன்று. நம் போன்றோருக்குப் புரியக்கூடிய காரணம் இன்னொன்று: அங்கே ஒரு தலைமதகு இருந்தது. சட்லஜின் குறுக்கே ஃபிரோஸ்பூர் கதவணையிலிருந்து மூன்று கால்வாய்கள் பிரிந்தன. தீபால்பூர் கால்வாய் மேற்கே, இன்றைய பாகிஸ்தானின் நிலங்களுக்குப் போனது. கிழக்குக் கால்வாய் ஃபிரோஸ்பூர் பக்கத்துக்கு. மூன்றாவது பீகானேர் சமஸ்தானத்தின் கங்கா கால்வாய். மகாராஜா கங்கா சிங் வெட்டுவித்து, 1927-ல் திறந்தது. ஒட்டகம் மேய்ந்த மணலில் ஸ்ரீகங்காநகர் என்ற ஊரே அந்தக் கால்வாய்த் தண்ணீரால் உண்டானது.

மதகு வேறு நாட்டுக்குப் போகப்போகிறது என்ற செய்தி கசிந்ததும் பீகானேர் துடித்தது. அப்போதைய மகாராஜா சாதுல் சிங் மவுண்ட்பேட்டனுக்குத் தந்தி அடித்தார். சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளர் கன்வர் சேன் ஆகஸ்ட் 11-ம் தேதி மவுண்ட்பேட்டனை நேரிலேயே பார்த்து, மதகு பாகிஸ்தானுக்குப் போனால் பீகானேரும் அந்தப் பக்கம் சேர வேண்டியிருக்கும் என்ற அளவுக்குப் பேசியதாகப் பின்னாளில் எழுதினார். ராட்கிளிஃபின் செயலாளராக இருந்த கிறிஸ்டோபர் போமன்ட் என்பவரும் 1992-ல் வாய் திறந்து, கோடு கடைசி நேரத்தில் நெருக்கடியால் மாற்றப்பட்டது என்றார். எந்தக் காரணம் எவ்வளவு என்பதில் சரித்திர ஆசிரியர்கள் இன்னமும் ஒத்துப்போவதில்லை. ராட்கிளிஃப் தன் காகிதங்களை எரித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். பேசிய சம்பளத்தை வாங்கவில்லை. மறுபடி இந்தியா வரவும் இல்லை.

மதகு மூடிய நாள்

மத்தியானம் ஃபிரோஸ்பூர் மாவட்டத்தில் எல்லையோரக் கிராமம் ஒன்றில் ஒரு சீக்கிய விவசாயி வீட்டுக்குப் போனோம். பல்கலைக்கழக நண்பர் முன்பே சொல்லி வைத்திருந்தார். பித்தளைச் செம்பு நிறைய மோர் வந்தது. கூடவே கடுகுக்கீரை மசியலும் சோள ரொட்டியும். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. ஆறு கில்லா நிலம். அதில் இரண்டு கில்லா முள்வேலிக்கு அந்தப் பக்கம்.

அந்தப் பக்கம் என்றால் பாகிஸ்தான் அல்ல. 1980-களின் கடைசியில் வேலி போட்டபோது எல்லைக்கோட்டின் மேலேயே போடாமல், நம் பக்கம் உள்ளே தள்ளிப் போட்டார்கள். இடையில் மாட்டிய நிலம் பஞ்சாப் முழுவதும் 20,000 ஏக்கருக்கு மேல். அங்கே போய் வர எல்லைப் பாதுகாப்புப் படையின் கேட் திறக்க வேண்டும். அடையாள அட்டை வேண்டும். நேரம் அவர்கள் வைத்ததுதான். கரும்பு, மக்காச்சோளம், பருத்தி போன்ற உயரமான பயிர் வைக்கக்கூடாது, ஆள் ஒளிந்துகொள்ளலாமே! கோதுமையும் நெல்லும் மட்டும்தான். ராத்திரி மோட்டார் போட முடியாது என்று அவர் சொன்னபோது எனக்கு உடனே தோன்றியது களையும் உரமும் அல்ல, காட்டுப்பன்றி. கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அவருடைய தாத்தாவுக்கு 1947 வரை மாண்ட்கோமரி மாவட்டத்தில், தீபால்பூர் கால்வாய்ப் பாசனத்தில், 25 கில்லா இருந்ததாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாட்டு வண்டியில் வந்தார்கள். இங்கே தங்க வைக்கப்பட்ட வீடு ஒரு முஸ்லிம் குடும்பம் விட்டுப்போனது. முற்றத்துக் கிணறு அவர்கள் வெட்டியது. இன்னும் இருக்கிறது, தண்ணீர் இல்லை.

நிலம் ஒதுக்கியதிலும் ஒரு கணக்கு உண்டு. நம் வாசகர்கள் அறிய வேண்டியது. மேற்குப் பஞ்சாபில் இந்துக்களும் சீக்கியர்களும் விட்டு வந்தது சுமார் 67 லட்சம் ஏக்கர். கிழக்கில் முஸ்லிம்கள் விட்டுப்போனது சுமார் 47 லட்சம் ஏக்கர். கால்வாய் நிலத்துக்குப் பதில் மானாவாரி நிலம் கொடுத்தால் எப்படி ஈடாகும்? தர்லோக் சிங் என்ற அதிகாரி 'ஸ்டாண்டர்ட் ஏக்கர்' என்று ஓர் அளவு கண்டுபிடித்தார். பரப்பை மட்டும் பார்க்காமல், எவ்வளவு விளையும் என்பதை வைத்து நிலத்தை எடைபோடும் அளவு. பிறகு சிறிய பட்டாவில் குறைவாகவும் பெரிய பட்டாவில் அதிகமாகவும் வெட்டு. முப்பது வருடம் இத்துறையில் இருக்கிறேன். இப்படி ஒரு நேர்த்தியான ஏற்பாட்டை அவ்வளவு அழுகைக்கு நடுவில் செய்து முடித்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியம்தான். தாத்தாவுக்குக் கிடைத்தது 17 கில்லா. பங்கு பிரிந்து பேரனிடம் ஆறு.

"தாத்தா செத்ததுவரை ஒரு விஷயத்தைச் சொல்லிக்கிட்டே இருப்பார், சார்" என்றார் அவர். அது 1948 ஏப்ரல் பற்றியது.

பிரிவினைக்குப் பிறகும் கால்வாய்களில் பழையபடி தண்ணீர் விடுவதற்கு ஓர் இடைக்கால ஒப்பந்தம் இருந்தது. அது 1948 மார்ச் 31-ல் முடிந்தது. ஏப்ரல் 1-ம் தேதி கிழக்குப் பஞ்சாப் அரசு இரண்டு இடங்களில் மதகை மூடியது: ராவியில் மாதோபூர், சட்லஜில் ஃபிரோஸ்பூர். லாகூர் பக்கத்து நிலங்களும் தீபால்பூர் கால்வாயும் ஒரே நாளில் காய்ந்தன. காரிப் பருவ விதைப்பு தொடங்கும் நேரம். ஏப்ரல் வெயிலில் கால்வாய் காய்வது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே 4-ம் தேதி டெல்லியில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் வழி பிறந்தது.

"தாத்தா இங்கே வந்து ஏழெட்டு மாதம்தான். மதகு இந்த ஊர்ப் பக்கம். காஞ்சது அவர் விட்டு வந்த நிலம். அந்த நிலத்தில் யாரோ ஒரு முஸ்லிம் அகதி விதைச்சிருப்பார். ஆனா தாத்தா 'என் நிலம் காயுதே, என் நிலம் காயுதே'ன்னு இரண்டு நாள் சாப்பிடலையாம். பாட்டி திட்டியிருக்காங்க: 'அது இப்ப உங்க நிலமில்லே. இதுதான் உங்க நிலம்.' "

முதல் கோடே நின்றிருந்தால்

மாலையில் ஹுசைனிவாலா கதவணை மேல் நடந்தபோது நாங்கள் மூவரும் இதைத்தான் பேசிக்கொண்டோம். அந்த இரண்டு தாலுகாவும் பாகிஸ்தானுக்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

முதலில், மனிதர்கள். தாத்தா இன்னும் ஐம்பது மைல் நடந்திருப்பார். கிணறு வெட்டிய குடும்பம் நடக்க வேண்டியிருந்திருக்காது. அமிர்தசரஸ் மேற்கிலும் தெற்கிலும் பாகிஸ்தானால் சூழப்பட்டிருக்கும். நினைத்தாலே அங்கிருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

அடுத்தது தண்ணீர். தீபால்பூர் விவசாயி நிம்மதியாகத் தூங்கியிருப்பார். கங்காநகர் விவசாயி தூக்கத்தைத் தொலைத்திருப்பார். அவருடைய கால்வாய்க்கு மதகு வேறு நாட்டில். ஹரிகேயில் ஒரு கரை இந்தியா, மறு கரை பாகிஸ்தான் என்றால் அங்கே இந்தக் கதவணையைக் கட்டியிருக்க முடியாது. ராஜஸ்தான் பாலைவனத்துக்கான கால்வாயை இன்னும் மேலே, மலையடிவாரத்தில் ரோப்பர் பக்கத்திலிருந்து நீண்ட சுற்று வழியில்தான் வெட்டியிருக்க வேண்டும். ஒருவேளை வெட்டாமலே விட்டிருப்பார்கள்.

ஆனால் என் ஹரியானா நண்பர் ஒரு கேள்வி கேட்டார். அவர் பொறியியல் தெரிந்தவர். "பக்ரா அணை அப்போதும் இந்தியாவில்தானே இருக்கும்?" உண்மைதான். சட்லஜ் மலையை விட்டு இறங்கும் இடம் இந்தியாவில். ஃபிரோஸ்பூர் மதகு பாகிஸ்தான் கையில் இருந்தாலும், அதற்கு மேலே அணை கட்டித் தண்ணீரை நிறுத்த இந்தியாவால் முடியும். அப்போது பாகிஸ்தான் கெஞ்ச வேண்டும். பதிலுக்கு அவர்கள் கங்கா கால்வாயை மூடுவார்கள். கோட்டை மேலும் நகர்த்தி பக்ராவையும் கொடுத்தால்? அதற்கும் மேலே சட்லஜ் திபெத்திலிருந்து வருகிறது. எங்கே கல் நட்டாலும் அதற்கு மேலே இன்னொருவர் இருக்கிறார்.

நான் இன்னொரு கோட்டைக் கற்பனை செய்து பார்த்தேன். இது என் சொந்தக் கற்பனை அல்ல. ராட்கிளிஃபே தன் தீர்ப்பில் எழுதி வைத்ததுதான். ஃபிரோஸ்பூர் மதகைப் பற்றிச் சொல்லும் இடத்தில், கால்வாய்களின் வாயை இரண்டு நாடுகளும் சேர்ந்து நிர்வகிக்கும் ஏற்பாடு இல்லாமல் இந்த இடத்தில் திருப்தியாக எல்லை போடுவது கடினம் என்று குறிப்பிட்டிருக்கிறார். கோட்டைப் பிடித்துக்கொண்டார்கள், இந்த வாக்கியத்தை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. 1951-ல் அமெரிக்காவிலிருந்து வந்த டேவிட் லிலியந்தால் சிந்து நதி முழுவதையும் ஒரே அமைப்பாக இரு நாடும் சேர்ந்து நடத்தலாம் என்று எழுதினார். அதுவும் அப்படியே நிறைவேறவில்லை.

நடந்தது என்ன? இனி அடுத்தவர் மதகை நம்பக்கூடாது என்று பாகிஸ்தான், செனாப் தண்ணீரை ராவிக்கு அடியில் சைஃபன் போட்டுக் கடத்தி, தீபால்பூர் கால்வாய்க்குச் சேர்க்க ஒரு புதுக் கால்வாயை வெட்டியது. 1965 போர்ச் செய்திகளில் 'இச்சோகில் கால்வாய்' என்று பெரியவர்கள் படித்திருப்பீர்கள். அதேதான். பாசனத்துக்கு வெட்டியது, லாகூருக்கு அகழியாகவும் ஆனது. 1960 செப்டம்பர் 19-ல் கராச்சியில் நேருவும் அயூப்கானும் கையெழுத்திட்ட சிந்து நீர் ஒப்பந்தம், நதிகளையே பாகம் பிரித்தது. ராவி, பியாஸ், சட்லஜ் நமக்கு. சிந்து, ஜீலம், செனாப் அவர்களுக்கு. மாற்றுக் கால்வாய்ச் செலவுக்காக இந்தியா சுமார் 6 கோடியே 20 லட்சம் பவுன் கொடுத்தது. மங்களா, தர்பேலா என்று மாபெரும் அணைகள் அங்கே எழுந்தன. ஒரே மதகில் முறை வைத்துக்கொள்ள முடியாமல் போனதற்கான செலவில் இதுவும் ஒரு பகுதி என்பது என் கணக்கு. ஒப்பந்தம் 1965, 1971 போர்களையும் தாண்டி நின்றது. 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, இந்தியா அதை நிறுத்தி வைத்திருப்பதாக அறிவித்தது.

கூட்டு நிர்வாகம் மட்டும் சுலபமாக இருந்திருக்குமா? இருந்திருக்காது. வேலையில் சேர்ந்த புதிதில், ஒரே வாய்க்காலில் பாயும் இரண்டு ஊர்க்காரர்கள் ராத்திரி மதகுப் பலகையைப் பிடுங்கிப்போட்ட வழக்கில் விடியவிடிய நின்றிருக்கிறேன். இரண்டு ஊரும் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் பஞ்சாபில் அதற்கு ஒரு பழக்கம் ஏற்கெனவே இருந்தது. ஃபிரோஸ்பூர் மதகை 1947 வரை ஒரே பொதுப்பணித் துறையின் பொறியாளர்கள்தான் ஏற்றி இறக்கினார்கள். அதற்கும் கீழே, வயல் மட்டத்தில், முஸ்லிமும் சீக்கியரும் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் மாற்றிக்கொண்டவர்கள். அதை 'வாராபந்தி' என்கிறார்கள், நம் முறைப்பாசனம்தான். 'மோகா' என்ற ஒரு மடைக்கு வாரத்தின் 168 மணி நேரத்தையும் நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பங்கு போட்டு, பெயருக்கு எதிரே கிழமையும் நேரமும் எழுதிவிடுவார்கள். பாதி ராத்திரி என்றாலும் உங்கள் நேரம் உங்கள் நேரம்.

கடிதம் எழுதிய நண்பர் இந்தப் பட்டியலைத்தான் கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு ஊராட்சியின் நீரைப் பயன்படுத்துவோர் சங்கமும் உட்கார்ந்து, மடைவாரியாக மணிக்கணக்கை எழுதி, மதகடியில் பலகையில் மாட்டுங்கள். மாதிரி அட்டவணை வேண்டுவோர் இதழுக்கு எழுதினால் அனுப்பி வைக்கிறேன்.

ஹுசைனிவாலா

கதவணையைத் தாண்டினால் பகத்சிங், ராஜகுரு, சுக்தேவ் நினைவிடம். 1931 மார்ச் 23-ல் லாகூர் சிறையில் தூக்கிலிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக இங்கே சட்லஜ் கரையில் எரித்தார்கள். ராட்கிளிஃப் கோட்டில் இந்த இடம் பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1961-ல் சுலைமான்கி கதவணை அருகே 12 கிராமங்களைக் கொடுத்து இந்தியா இதை வாங்கிக்கொண்டது. சுலைமான்கி மதகு தங்கள் பக்கம் முழுதாகப் பத்திரமாக இருக்க வேண்டும் என்பது பாகிஸ்தானின் தேவை. இந்த மண் வேண்டும் என்பது நம் தேவை. ஆக, எல்லையை நகர்த்தவே முடியாது என்பதில்லை. இரண்டு பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தபோது நகர்ந்திருக்கிறது.

லாகூருக்கு ரயில் போன தண்டவாளம் இங்கே முடிந்துவிடுகிறது. பழைய பாலத்தின் தூண்கள் ஆற்றில் நிற்கின்றன. சாயங்காலக் கொடியிறக்கம் வாகாவைப்போல அவ்வளவு கூட்டம் இல்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் தெரிகிற தூரம். போக விரும்புகிறவர்கள் கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் ஹிம்சாகர் ரயிலில் லூதியானாவில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ரயிலோ பிடித்து ஃபிரோஸ்பூர் வரலாம். ஆதார் அட்டை அசல் அவசியம். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. மார்ச் நல்ல பருவம்.

கொடி இறங்கியதும் எங்கள் விவசாயி நண்பர் கடிகாரத்தைப் பார்த்தார். ராத்திரி சாப்பாட்டுக்குத் தங்கச் சொல்வார் என்று நினைத்தேன். வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு தயாராக இருக்கும், ஆனால் தான் சீக்கிரம் படுக்க வேண்டும் என்றார். ஞாயிறு இரவு 1.20 முதல் 2.50 வரை அவருடைய முறை. நாலு கில்லா கோதுமைக்கு அறுவடைக்கு முன் கடைசித் தண்ணீர். 1.20-க்கு மடையில் நிற்காவிட்டால் அடுத்த நிலத்துக்காரர் காத்திருக்கமாட்டார், அவர் சொந்தத் தம்பி.